பனிக்குள் இஞ்சி மணம்

பள்ளுருத்தி வயல்வரப்பில் பனி விலக மனமில்லாமல் கிடந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம், செடிகொடிகளைப் பார்த்தபடி நடந்துவர வாலிபர் சங்கம் நடத்திய நடைவிழா அன்று. கொச்சங்காடி சுக்குக் கிடங்கில் வேலை பார்க்கும் மாயம்மாளும் கூட்டத்தோடு மிதப்பதுபோல நடந்தாள்.

வழிகாட்டி வெங்கிடராமன் சட்டென்று நின்றார். “மணம் வர்றதோ? காட்டு இஞ்சியாக்கும்! இங்கதான் எங்கேயோ இருக்கு.”

எல்லாரும் புல்லை விலக்கித் தேடினார்கள். மாயம்மாள் மெல்லத் தன் முந்தானையை முகர்ந்தாள். எத்தனை துவைத்தாலும் போகாத கிடங்கு மணம்!

சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் அவளிடமே கேட்டுவிட்டார்: “எந்தப் பக்கத்திலேர்ந்து வர்றது, தெரியறதோ?”

தூரத்தில், அவர்கள் போகவேண்டிய வழிக்கு நேர் எதிரே, ஆம்பல் பூத்த குளம் பனிக்குள் மங்கலாகத் தெரிந்து அவளை இழுத்தது.

“அந்தப் பக்கம்தான் சாரே,” என்று மாயம்மாள் முன்னால் நடந்தாள். மணமும் கூடவே போனது, கூட்டமும்.