கைக்கு வராத பணம்

"என் சம்பளத்தக் குறைச்சுக் குடுங்க சார்."

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சம்பளப் பேச்சை எடுக்காதே என்று வீட்டில் மூன்று பேரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா அதட்டலாக, அம்மா கெஞ்சலாக, அண்ணன் உலகமே தனக்குத் தெரியும் என்கிற தோரணையில். நான் கூடுதலாகக் கேட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடுவேன் என்று அவர்களுக்குப் பயம். குறைத்துக் கேட்பேன் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அலுவலகத்தில் 'கழித்தல்' என்று பட்டப்பெயர். எல்லோருடைய சம்பளத்திலும் கை வைக்கிறவர். கடுகடுவென்று இருப்பார் என்று நினைத்துப் போனேன். ஆள் தலையணை மாதிரி மெத்தென்று இருந்தார்.

"இந்த சீட்டுல உக்காந்து எனக்கு முடி கொட்டுனதுதான் மிச்சம். இப்படி ஒருத்தரும் கேட்டதில்லம்மா."

"சம்பளத்த இல்ல சார். மாசா மாசம் வரி பிடிப்பீங்கல்ல, அத அதிகமா பிடிங்க."

புதிதாகச் சேர்கிறவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தை என் பக்கம் திருப்பினார். மேலே ஒரு கட்டம்: உங்களை நம்பி வாழ்பவர்கள் எத்தனை பேர்? எண்ணிக்கை கூடினால் மாதாமாதம் பிடிக்கும் வரி குறையும். கீழே இன்னொரு கட்டம்: விருப்பப்பட்டுக் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லும் தொகை. அதை யாரும் தொடுவதே இல்லையாம்.

மேல் கட்டத்துக்கு அப்பா ஏற்கெனவே விடை சொல்லியிருந்தார். "மூணு பேருன்னு போடு. யாரு வந்து பாக்கப்போறா? கைக்கு நெறைய வரும்."

நான் அதைச் சொன்னதும் கழித்தல் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். "அப்பா வேலைல இருக்காரா?"

"பஸ் டிப்போல மெக்கானிக். ராத்திரி ஷிப்ட்."

"அப்ப அம்மா அவரு கணக்குல வந்துடுவாங்க. அண்ணன்?"

"செல்போன் கடைல நிக்கிறான். கழுதை வயசாகுது."

"அப்ப உங்களுக்கு பூஜ்யம்தான். அதுவே சரியா பிடிச்சிடும். அதுக்கு மேல எதுக்கு? கூடுதலா பிடிச்ச காசு வருஷம் பூரா அரசாங்கத்துகிட்ட சும்மா தூங்கும். அடுத்த வருஷம் கணக்கு காட்டினப்புறம்தான் திரும்பி வரும். வெவரம் தெரிஞ்சவங்க செய்யற வேலையா இது?"

"தூங்கட்டும் சார். எங்க வீட்டுல ஒண்ணையும் தூங்க விடமாட்டாங்க."

சொல்லும்போதே எனக்குக் கண் சொருகியது. ஏசிக் குளிர், தண்ணீர் மாதிரி அறையை நிரப்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வாகனங்கள் சத்தமில்லாமல் நீந்திப் போயின. நான் படுக்கும் கூடம்தான் எங்கள் வீட்டின் நடைபாதை. அப்பா வேலை முடிந்து வரும்போது என்னைத் தாண்டித்தான் வருவார், அண்ணன் என்னைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போவான். தாழ்ப்பாள் உள்ள ஒரே கதவு குளியலறைக் கதவு. என் பட்டப்படிப்பு முழுக்க அங்கேதான் நடந்தது, கவிழ்த்துப் போட்ட வாளி மேல். "பரீட்சை எழுதறியா, பிரசவம் பாக்கறியா, வெளிய வாடி!" என்று அண்ணன் கதவைத் தட்டுவான். பட்டமளிப்பு அன்று கறுப்பு அங்கி போட்ட என் தோள்மேல் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டவனும் அவன்தான்.

வேலை கிடைத்த நாளிலிருந்து என் சம்பளத்துக்குள் எல்லோரும் குடியேறிவிட்டார்கள். அண்ணன் அதற்குள் ஒரு பைக்கை நிறுத்தியிருந்தான். அப்பா அதன் மேல் தளம் போட்டு மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போதெல்லாம் அந்த வீட்டைப் பற்றியேதான் பேச்சு. எனக்குத்தான் அதில் படுக்க இடமில்லை.

"பேங்க்ல தனியா போட்டு வைக்கலாமே?" என்றார் கழித்தல்.

"பணம் விழுந்தா மெசேஜ் அண்ணன் போனுக்குப் போகும் சார். அக்கவுண்ட் ஆரம்பிச்சப்ப எங்கிட்ட போன் இல்ல."

"நம்பர மாத்துங்க."

"மாத்துன அன்னிக்கே வீட்டுல விசாரணைக் கமிஷன் உக்காந்துரும். வந்தது எவ்வளவு, குடுத்தது எவ்வளவு, மிச்சம் எங்கன்னு. வரின்னு சொன்னா மட்டும்தான் எங்கப்பா அரசாங்கத்தத் திட்டுவாரு. என்னைத் திட்டமாட்டாரு."

அவர் சிரிக்கவில்லை. படிவத்தை என் கையில் கொடுத்து, "சாப்புட்டு, யோசிச்சுட்டு வாங்க" என்றார்.

மதியம் படிக்கட்டு ஜன்னலருகே நின்று அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். அவள் பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆனால் அந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி காதுக்குள் இறங்க, உண்மை வாயிலிருந்து வழிந்துவிட்டது. அதிகமாகப் பிடிக்கச் சொல்லப்போகிறேன், அடுத்த வருஷம் மொத்தமாக வரும், முன்பணம் கொடுத்து ஓர் அறை எடுப்பேன் என்றேன்.

மிஷின் நின்றது.

"அண்ணன் வண்டிக்கு அட்வான்ஸ் கட்டிட்டானேடி."

"என்னைக் கேட்டா கட்டுனான்?"

"அப்ப என் பல்லு?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சம்பளத்துக்குள் அம்மாவும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள், ஆடுகிற கடைவாய்ப் பல்லோடு. வலது பக்கமாகவே மென்று மென்று அவள் முகமே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

"முதல் மாசம் உன் பல்லுதான். வண்டிதான் கெடையாது. மாடியும் கெடையாது."

கீழே தெருவில் ஒருத்தி ஈரப் போர்வையை உதறினாள். வெயிலில் நீர்த்துளிகள் அப்படியே நின்று, பிறகு விழுந்த மாதிரி தெரிந்தது. நான் அந்த அறையைப் பார்த்தேன். இந்த மாதப் பிடித்தத்தில் தரை, அடுத்த மாதத்தில் ஒரு சுவர், பிறகு கதவு. கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள். நான் கால் நீட்டிப் படுத்திருக்கிறேன், என்னை யாரும் தாண்டவில்லை.

"ஜன்னல் இருக்குமாடி?" என்றாள் அம்மா.

"என்ன?"

"அந்த ரூம்ல. ஜன்னல் எந்தப் பக்கம்?"

"நீ எந்தப் பக்கம் சொல்றியோ அந்தப் பக்கம்."

"வெயில் வராத பக்கமா பாரு." மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. "நீ ஒண்ணும் சொல்லல, எனக்கு ஒண்ணும் காதுல விழல. உங்கப்பா கேட்டா சத்தியமா அப்படித்தான் சொல்லுவேன். வை போனை."

மேல் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். கீழ்க் கட்டத்தில், பல்லுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டுக்குக் கொடுக்க நானே ஒப்புக்கொண்ட பங்குக்கும் போக மீதி எவ்வளவோ அவ்வளவையும் எழுதினேன்.

கழித்தல் அதை இரண்டு தடவை படித்தார். "திருப்பித் தர்றப்ப எந்த அக்கவுண்ட்டுக்குன்னு கேப்பாங்க."

"அதுக்குள்ள புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருவேன். அது என் நம்பர்ல."

"மனசு மாறினா வாங்க. எப்ப வேணா மாத்தி எழுதலாம்."

"மாறாது சார். மாத்தச் சொல்லி எங்கண்ணன் வந்தா உள்ள விடாதீங்க."

இப்போது சிரித்தார். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

சாயங்காலம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அண்ணன் யாருடைய பைக்கிலோ சாய்ந்து நின்றிருந்தான். என்னைக் கண்டதும் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தேய்த்துக் காட்டி, வாயசைவிலேயே கேட்டான்: "கைக்கு எவ்வளவு?"

அவனுக்குப் பின்னால் தெரு முழுக்க ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாகிக்கொண்டிருந்தன. எது வெயில் வராத பக்கம் என்று பார்த்துக்கொண்டே கதவைத் தள்ளி வெளியே வந்தேன்.