வெல்லம் கலந்த தீனி

கொளஞ்சியப்பனுக்கு ஆண்டவன் வாயைக் கொடுத்த அளவுக்கு மூளையைக் கொடுக்கவில்லை என்பது சாலம்மாளின் தீர்மானமான கருத்து. நைனார்பாளையத்தில் அவருடைய பன்றிக் கொட்டகையை ஆறு வருஷமாகக் கழுவித் தீனி வைக்கிறவள் அவள். அந்தக் கருத்தைச் சொல்ல அவளைவிடத் தகுதியான ஆள் ஊரில் இல்லை.

கார்த்திகையில் ஊரே மக்காச்சோளத்தை ரோட்டில் காயப்போட்டது. மழை இருட்டியதும் மற்றவர்கள் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். இவர் மட்டும் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேசினார். நான்காம் நாள் பாயைத் தூக்கினால் உள்ளே சோற்று அண்டாவைப் போலக் கொதித்தது. பச்சையும் கருப்புமாகப் பூசணம். கோழித் தீவன வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு, மோந்து பார்த்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டார்.

"கோழிக்கு ஆவலன்னா இன்னா? பன்னிக்கு ஆவும். பன்னி எதத்தான் தின்னல?" என்று மொத்தத்தையும் அரைக்கச் சொன்னார் கொளஞ்சியப்பன்.

"பூசணம் பூத்துக்கிடக்குதுங்க ஐயா. கிட்டவே நிக்க முடியலங்க."

"ஒனக்கா தீனி? போட்டுட்டுப் போ."

பன்றிகள் இரண்டு நாள் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டன. அவற்றுக்கு இருந்த அறிவு அவருக்கு இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் வெல்லப்பாகு காய்ச்சி ஊற்றச் சொன்னார். இனிப்புக்கு மயங்காத வாய் உண்டா? தின்றன. பன்றியையே ஏமாற்றிவிட்ட பெருமை அவர் முகத்தில் ஒரு வாரம் இருந்தது.

மாதம் திரும்புவதற்குள் மூன்று மாதப் பெட்டைக் குட்டிகளுக்குப் பின்புறம் வீங்கிச் சிவந்தது. "பாத்தியா, அதுக்குள்ள பருவத்துக்கு வந்துடுச்சிங்க! எல்லாம் சோளத்தோட சத்து" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். சாலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு பயமும் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கால்நடை டாக்டர் கண்ணகி ஐஸ் பெட்டியோடு வந்து, நாற்பத்திரண்டு பன்றிக்கும் காய்ச்சல் தடுப்பூசி போட்டாள். சாலம்மாள் கேட்டுக்கொண்டதால் அவள் வீட்டுப் பன்றிக்கும் அதே புட்டியிலிருந்து ஓர் ஊசி. அது வாரத்துப் பன்றி. தாய் கொளஞ்சியப்பனுடையது, வளர்ப்பு சாலம்மாளுடையது, ஈனும் குட்டியில் ஆளுக்குப் பாதி. மரவள்ளித் தோலும் ஓட்டல் கழுநீரும்தான் அதற்குத் தீனி.

பருவத்துக்கு வந்த குட்டிகளுக்கென்று சின்னசேலத்திலிருந்து ஆண் பன்றி ஒன்றையும் கொண்டுவந்தார் கொளஞ்சியப்பன். அந்தப் பச்சைக் குட்டிகள் அதைக் கண்டதும் அலறி ஓடின. கடைசியில் சினைப்பட்டது சாலம்மாள் ஓட்டிவந்து விட்ட அவளுடைய பன்றி மட்டும்தான். பாதிக் குட்டியை விற்று ஒழுகுகிற கூரைக்குத் தகரம் போடலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

தையில் காய்ச்சல் வந்தது. பன்றிகள் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்தன. காது நீலம் பாய்ந்தது. பத்தே நாளில் முப்பத்தெட்டு போயின. ஜேசிபி குழி தோண்டியது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக் கூப்பிட்டவள் சாலம்மாள். சுண்ணாம்பைத் தூவிக்கொண்டே அழுதாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கொளஞ்சியப்பன் ஊசியைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரம்மா ஐஸ் இல்லாம, வெந்துபோன மருந்தக் கொண்டாந்துட்டா. நாளைக்குப் பெரிய டாக்டரு விசாரிக்க வர்றாரு, அவருகிட்டக் குடுக்க மனு எழுதியாச்சி. நீதான் சாட்சி, கையெழுத்துப் போடு."

"ஐஸ் இருந்துதுங்களே. நான்தான பொட்டியப் புடிச்சிக்கினு நின்னேன்."

"போடலன்னா வாரத்துப் பன்னிய இன்னைக்கே ஓட்டிக்கினு வந்துடுவேன்."

சாலம்மாள் வீட்டுக்குப் போனாள். வேலிக்குள் பன்றி வயிறு சரிந்து படுத்திருந்தது. நோய்க் கொட்டகையில் மிதித்த அதே காலோடுதான் தினமும் இதனிடம் வந்தாள். இதற்கு ஒரு தும்மல்கூட இல்லை. சட்டென்று அவளுக்கு விளங்கியது.

மறுநாள் விசாரணைக்குப் பெரிய டாக்டர் வந்தார். கண்ணகி முகம் வெளிறி நின்றாள். ஊர் கூடியிருந்தது. சாலம்மாள் தன் பன்றியைக் கயிற்றில் ஓட்டிக்கொண்டு வந்து, மிச்சமிருந்த பன்றிகளுக்கு எட்டாமல் கொட்டகை வாசலோடு நிறுத்தினாள்.

"அதே புட்டி, அதே நாளுங்க. இது மட்டும் எப்பிடி நிக்குது? ஐயா, ஒங்க தீனில ஒரு படி கொண்டாங்க. வெல்லம் ஊத்தாம."

"அது எதுக்குடி?"

"கொண்டாங்க" என்றார் பெரிய டாக்டர்.

காலையிலிருந்து பட்டினி போட்ட பன்றி. தட்டில் மூக்கை வைத்தது. உஸ்ஸென்று ஊதியது. பின்னால் நகர்ந்து கொளஞ்சியப்பனின் செருப்பருகில் கிடந்த வாழைப்பழத் தோலைத் தின்றது. கூட்டத்தில் யாரோ குபீரென்று சிரித்துவிட்டார்கள்.

பெரிய டாக்டர் தீனியைப் பையில் எடுத்துக்கொண்டார். "சோதனைக்குப் போவும். எனக்குச் சந்தேகம் இல்ல. பூசண விஷம் ஒடம்போட எதிர்ப்புச் சக்திய அரிச்சிடும். அப்புறம் எவ்ளோ நல்ல ஊசி போட்டாலும் ஒடம்பு அத ஏத்துக்காது. குட்டிங்க வீங்குனதும் அதாலதான்."

"பருவம்னு சொன்னாருங்க" என்றாள் சாலம்மாள், மிகுந்த மரியாதையோடு.

கொளஞ்சியப்பன் மனுவைக் கசக்கிச் சட்டைப் பையில் திணித்தார். முகம் சிறுத்துப்போனவர் கயிற்றின்மேல் கை வைத்தார். "பன்னி என்னுது. விடு."

"சினைப்பட்ட வாரத்துப் பன்னி, குட்டி பால் மறக்கிறவரைக்கும் வளக்கிறவ வூட்லதான். ஊர்ல யாரன்னா இல்லன்னு சொல்லட்டும், விட்டுடறேன்."

யாரும் சொல்லவில்லை. எல்லார் வீட்டிலும் வாரத்து ஆடோ மாடோ இருந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார். சாலம்மாள் பன்றியைத் திருப்பி ஓட்டினாள்.

"மிச்சம் நாலு கெடக்குதே, அதுங்கள யாரு பாக்கறது?" என்று பின்னாலிருந்து கத்தினார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்களே பாருங்க. வெல்லந்தான் மீதி இருக்குதே."