ஆரின் ஹாக்லண்டின் ஆயிரத்து இருநூற்றுப் பதினாறாவது மரணம்

1981 நவம்பர் ஆறாம் தேதி இரவு ஒன்பது நாற்பத்தொன்றுக்கு ஆரின் ஹாக்லண்ட் முதல் தடவை செத்தார். அமெரிக்காவின் வடக்கே டுலூத் என்ற ஏரிக்கரை ஊரின் நாடகக் கம்பெனியில் அது அந்தப் பருவத்தின் இரண்டாவது நாடகம். அவருக்குக் கப்பல் தலைவன் வேஷம். கடைசிக் காட்சியில் நெஞ்சில் குத்துப்பட்டு விழ வேண்டும், விழுந்தார். விளக்கு அணைந்ததும் அவரைத் தூக்கிவிட இருட்டில் போன டொரீன் மேக்கலாவுக்கு ஏரி மீனைத் தொட்டதுபோல் சில்லிட்டது. நாடி இல்லை. மூச்சும் இல்லை. அவளுக்கு வயது இருபத்தாறு. ஸ்டேஜ் மேனேஜராக அது முதல் மாதம். என்ன செய்வதென்று அவள் முடிவெடுப்பதற்குள் விளக்கு வந்துவிட்டது. மற்ற நடிகர்கள் கடைசி வணக்கத்துக்கு வரிசையாக வந்து நின்றார்கள். சபை கைதட்டியது. ஆரின் எழுந்தார். முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து குனிந்தார். பிறகு ஒப்பனை அறைக்கு வந்து, சாப்பிட ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கேட்டார். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஸ்டேஜ் மேனேஜர் ஒரு பக்க அறிக்கை எழுத வேண்டும். டொரீன் எழுதினாள்: "9:41 ஆரின் மரணம். 9:44 எழுந்தார். மீசை இடது பக்கம் பிரிகிறது, வேறு பசை தேவை." மறுநாள் காலை வேறு பசை வந்தது.

இரண்டாம் நாளும் செத்தார். மூன்றாம் நாள் டொரீன், லாய்ட் சாண்ட்விக் என்பவரை மேடையோரத்துக்குக் கூப்பிட்டு நிறுத்தினாள். அவர் மூன்றாவது வரிசை ஏழாம் நாற்காலிக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருந்தவர், கால்நடை மருத்துவர். இருட்டில் அவர் ஆரினின் கழுத்தைத் தொட்டார், இமையை விலக்கிப் பார்த்தார். மாடாக இருந்தால் புதைக்கச் சொல்லியிருப்பேன், நடிகர்களைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்க் கைதட்டினார். நடிகர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. செத்துக்கிடக்கும் நேரம் வேலையில் சேருமா ஓய்வில் சேருமா என்று கேட்டிருந்தார்கள். மூன்று மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு வேலை என்று முடிவாயிற்று. அதன்பிறகு யாரும் இதை ஒரு விஷயமாகப் பேசவில்லை. ஆட்டம் முடிந்து காரை எடுக்கப் போகும்போது, இன்றைக்குச் செத்தது மோசமில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். டுலூத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ஒரே ஒரு நாடகத்துக்காக, ஒற்றைப் பெட்டியோடு 1979இல் வந்தவர் அவர். கம்பெனி அவருக்குச் செருப்புக் கடைக்கு மேலே ஓர் அறை கொடுத்தது. அந்த நாடகம் முடிந்ததும் அடுத்ததில் வேஷம் இருந்தது, அதற்கடுத்ததிலும் இருந்தது. பெட்டியைக் கட்டிக் கிளம்ப ஓய்வு கிடைத்தபோது அவருக்கு டுலூத்திலேயே ஒரு வீடும் இரண்டு நாய்களும் இருந்தன. வாளால் செத்தார், விஷத்தால் செத்தார், காசநோயால் ஒரு வசந்தம் முழுக்கச் செத்தார். இரண்டு தடவை கரடி. நாடகம் இல்லாத கோடையில் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தார். யார் வீட்டுச் சுவருக்கு ஜூலையில் பெயின்ட் அடித்தாரோ அவர்களே அக்டோபரில் நாற்காலியில் உட்கார்ந்து அவர் சாவதைப் பார்த்தார்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மட்டும் அவருக்கு ரொட்டிக் கடைக்காரன் வேஷம், சாவு இல்லை. ஆறு வாரம் தொடர்ந்து சாகாமலிருந்தால் அவருக்கு எடை கூடும், முகம் கடுகடுவென்று ஆகிவிடும். ஜனவரியில் முதல் சாவு வந்ததும் சரியாகிவிடுவார்.

1990இல் சிகாகோவிலிருந்து ஒரு பெரிய கம்பெனி அவரை அழைத்தது. போனார். அங்கே எட்டு வாரம் தூக்கில் தொங்கினார், ஒரு நாளும் சாகவில்லை. மற்ற நடிகர்களைப்போல் கண்ணை மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மரக்கட்டை என்று பத்திரிகைகள் எழுதின. திரும்பி வந்தவரிடம் டொரீன் காரணம் கேட்டாள்.

"அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது," என்றார். "தெரியாதவங்க முன்னாடி எப்படிச் சாகறது?"

அவர் எழுவது கைதட்டலால்தான் என்பது 1988இலேயே தெரிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை, வாசலில் சோளப்பொரி கருகித் தீ அபாய மணி அடித்துவிட்டது. சபை முழுக்க வெளியே போய் நின்றது. ஆரின் மேடையிலேயே கிடந்தார். இருபத்தைந்து நிமிடம் கழித்து எல்லோரும் உள்ளே வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவதுபோல் கைதட்டினார்கள். அவர் எழுந்து, கழுத்து பிடித்துக்கொண்டது என்று முறையிட்டார். அதற்கு மேல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 1994 பனிப்புயலில் பதினொரு பேர்தான் வந்தார்கள். பதினொரு பேர் தட்டியும் எழுந்தார், மெதுவாக. இந்த இரண்டு எண்களையும் டொரீன் தன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தாள். குறிப்பேடு தீர்ந்து புதியது வாங்கும்போதெல்லாம் முதலில் அவற்றை எழுதினாள்.

2019 பிப்ரவரியில் ஜூலியன் கார்ஸ்வெல் என்ற இயக்குநர் நியூயார்க்கிலிருந்து வந்தார். முப்பத்தோரு வயது. நல்ல இயக்குநர், அதை டொரீனும் மறுக்கவில்லை. சுரங்க முதலாளி ஒருவனின் கடைசி நாளைப் பற்றிய நாடகம். முதலாளி ஆரின். எழுபத்திரண்டு வயதில் அவரிடமிருந்து யாரும் பார்த்திராத ஒன்றை ஜூலியன் வெளியே கொண்டுவந்தார். இரண்டாம் வாரம் ஒத்திகையில் தச்சர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். நான்காம் வாரம் ஜூலியன், இந்த நாடகத்துக்குக் கடைசி வணக்கம் கிடையாது என்று அறிவித்தார். செத்தவன் எழுந்து பல்லைக் காட்டினால் மக்கள் அழுத அழுகை வீணாகிவிடும். முதலாளி சாவான், சபையில் விளக்கு வரும், பிணம் மேடையில் கிடக்கும், மக்கள் அதைப் பார்த்துக்கொண்டே வெளியே போவார்கள். கைதட்ட வேண்டாம் என்று நிகழ்ச்சித் தாளிலும் வாசல் பலகையிலும் அச்சடித்தாயிற்று.

டொரீன் அவரைத் தனியாகப் பார்த்தாள். கைதட்டல் இல்லையென்றால் ஆரின் நிஜமாகவே செத்துப்போவார் என்று சொன்னாள்.

"அதைத்தான் நானும் அவர்கிட்ட எதிர்பார்க்கறேன்," என்றார் ஜூலியன். அவர் முகம் மலர்ந்திருந்தது.

கம்பெனித் தலைவரிடம் போனாள். முதல் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றார் அவர். கடைசியாக ஆரினிடம் போனாள். அவர் ஒப்பனை அறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வசனம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் சொல்றது நியாயமாத்தான் இருக்கு," என்றார்.

"நீ எந்திரிக்க மாட்டே."

"நாடகத்துக்கு நல்லது."

"உனக்கு?"

"டொரீன், ஒரு டைரக்டர் சொன்னதை நான் எப்பவாவது மாட்டேன்னிருக்கேனா? கரடியைக்கூட வேண்டாம்னு சொல்லல."

அவளும் முப்பத்தெட்டு வருஷத்தில் ஓர் இயக்குநரின் ஏற்பாட்டை மாற்றியதில்லை. இயக்குநர் வைத்தது எதுவோ அதை ஒரு விளக்கு பிசகாமல் காப்பாற்றுவதுதான் ஸ்டேஜ் மேனேஜர் வேலை. அந்த வேலையில் அவளுக்குப் பெருமை உண்டு. அதனால் நாடகத்தைத் தொடாமல் ஒரு வழி செய்தாள். தச்சர், விளக்குக்காரர், உடைக்காரி, வேஷம் முடிந்த ஆறு நடிகர்கள், எல்லாருமாகப் பதினான்கு பேரைப் பக்கத் திரைக்குப் பின்னால் நிற்கச் சொன்னாள். மக்கள் வெளியேறியதும் இவர்கள் கைதட்ட வேண்டும். பதினொன்றுக்குப் பதினான்கு, மூன்று பேர் உபரி.

முதல் ஆட்டம் புதன்கிழமை மதியக் காட்சி. புதன் மதியத்துக்கு வருகிறவர்கள் வயதானவர்கள். பக்கத்து ஊரான க்ளோகேயின் தேவாலயத்திலிருந்து ஒரு பஸ் நிறைய வருவார்கள். பஸ் நாலேகாலுக்குப் புறப்பட்டுவிடும் என்பதால் கடைசி வணக்கம் முடிவதற்குள் மேல்கோட்டைத் தேடுகிற கூட்டம். இரண்டு மணிக்குத் தொடங்கியது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஆரின் செத்தார். அது அவருடைய ஆயிரத்து இருநூற்றுப் பதினாறாவது மரணம். அவற்றில் மிகச் சிறந்தது. சபையில் விளக்கு வந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. டொரீன் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். அந்த ஊரில் யாரும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப மாட்டார்கள். விருந்துக்கு வந்தவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு, சரி அப்போ, என்பார். அதிலிருந்து அவர் கார் நகர முக்கால் மணி நேரம் ஆகும். வீட்டுக்காரர் வாசல்வரை வருவார், வாசலில் ஒரு பேச்சு, கார்க் கண்ணாடியை இறக்கி இன்னொரு பேச்சு. இங்கே வீட்டுக்காரர் தரையில் கிடந்தார். போய்வரச் சொல்ல யாரும் வரவில்லை. கைதட்ட வேண்டாம் என்று அச்சடித்திருந்தது. அச்சடித்ததை அவர்கள் மீறுவதில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் ஜூலியன், தன் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றியைப் பார்க்கிறவர்போல் கண் கலங்கி நின்றார்.

நாலு மணி ஆயிற்று. நாலு ஐந்து ஆயிற்று. நாலு பத்துக்கு டொரீன் சைகை காட்டினாள். பதினான்கு பேரும் திரைக்குப் பின்னாலிருந்து கை சிவக்கத் தட்டினார்கள். ஆரின் அசையவில்லை. அவர்கள் எத்தனையோ வருஷம் அவரோடு வேலை பார்த்தவர்கள்தான். ஆனால் யாரும் அவருக்குச் சபையாக இருந்ததில்லை. நாலு பதினைந்துக்கு அவள் ஒலிபெருக்கியை எடுத்தாள். ஓர் இயக்குநரின் நாடகத்தை அவள் உடைப்பது அதுதான் முதல் தடவை. தயவுசெய்து எல்லோரும் கைதட்டுங்கள் என்றாள். எல்லோரும் தட்டினார்கள், பள்ளிக்கூடத்தில் தட்டச் சொன்னால் தட்டுவதுபோல், ஒழுங்காக. கேட்டு வாங்கிய கைதட்டலுக்கு ஆரின் எழுந்திருக்கவில்லை. நாலு பதினேழு. குறிப்பேட்டின் முதல் பக்கத்து இருபத்தைந்து நிமிடம் கடந்துபோயிற்று. டொரீன் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தாள். அறிக்கையில் என்ன எழுதுவது என்பதைத் தவிர வேறெதையும் அவளால் நினைக்க முடியவில்லை.

நாலு பத்தொன்பதுக்கு ஹில்டா ரோன்பெர்க், க்ளோகே பஸ்ஸை ஏற்பாடு செய்கிறவர், எண்பத்து மூன்று வயது, இரண்டு முழங்காலையும் தட்டினார். சரி அப்போ, என்றார். கோட்டை மாட்டிக்கொண்டு, நடைபாதை வழியாக வந்து, கைப்பிடியைப் பற்றி மூன்று படி ஏறி மேடைக்குப் போனார். யாரும் தடுக்கவில்லை. பிணத்தின் பக்கத்தில் நின்றார்.

"நாங்க கிளம்பறோம், ஆரின்."

சற்று நேரம் காத்திருந்தார்.

"ரோடு வழுக்க ஆரம்பிச்சிடும். பஸ்காரன் வேற முறைக்கறான்."

கையுறையை மாட்டிக்கொண்டார்.

"தாழ்வாரத்துல நீ அடிச்ச பெயின்ட் இன்னும் நல்லாத்தான் இருக்கு. வடக்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் உரியுது. அது உன் தப்பில்ல, காத்து அப்படி. சரி, வரட்டுமா?"

"இருங்க ஹில்டா," என்றார் ஆரின், கண்ணைத் திறக்காமலே. "வாசல்வரைக்கும் வரேன்."

எழுந்தார். ஹில்டாவைக் கைப்பிடித்துப் படியிறக்கினார். வடக்குப் பக்கத்துக்கு இரண்டு பூச்சு அடித்திருக்க வேண்டும், ஒன்றோடு விட்டது தன் தப்புதான் என்றார். அதற்குள் ஹில்டாவுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நாய்களை விசாரித்தார்கள், மருமகன் வேலையைப் பற்றிச் சொன்னார்கள், சாவு மோசமில்லை என்றார்கள். பஸ் டிரைவரும் உள்ளே வந்து வரிசையில் நின்றார். ஆரின் சுரங்க முதலாளியின் ரத்தம் தோய்ந்த சட்டையோடு வாசலில் நின்று ஒவ்வொருவரையும் வழியனுப்பினார், சிலரைக் கார்வரைக்கும். ஜூலியன் முதலில் கத்துவதற்கு வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார், பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வந்தபோது ஆரின் அவரை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். கடைசி வணக்கம் வேண்டாம் என்பது அப்படியே இருக்கட்டும் என்றார் ஜூலியன். வாசலில் நின்று அனுப்புவதைத் தன் ஏற்பாடாகச் சேர்த்துக்கொள்ளும்படி டொரீனிடம் சொன்னார். அவள் குறித்துக்கொண்டாள். இனி அது மாறாது.

டொரீன் அறிக்கை எழுதினாள்: "3:52 மரணம். 4:20 எழுந்தார். சபை வெளியேறியது 5:25. மேடைப் படியின் கைப்பிடி ஆடுகிறது." குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, இருபத்தைந்தை அடித்து இருபத்தெட்டு என்று போட்டாள். பென்சில் முனை உடைந்துவிட்டது. இன்னொன்றை எடுத்து எழுத்தைச் சரிசெய்தாள். ராத்திரிக் காட்சி ஏழரைக்கு. ஆரின் ஒப்பனை அறையில் ஹில்டா கொடுத்துவிட்டுப் போன எலுமிச்சை பிஸ்கோத்தைத் தின்றுகொண்டிருந்தார். அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் மெல்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"ராத்திரி கொஞ்சம் இடது பக்கமாச் சாகறியா, ஆரின்? மூஞ்சில லைட்டே விழல."