மெர்லுக்கு ஆகாத சாசேஜ்

என் கணவன் மெர்லுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த மறுநாள், என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று எழுதிய தாளை ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி என் கையில் கொடுத்தாள். அவன் கையில் கொடுத்திருக்க வேண்டும். என் கையில் கொடுத்ததால் அது என் வேலையாகிவிட்டது.

முப்பத்தெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். பின்னால் அறுபது பிள்ளைகள் கத்த, பனியில் வண்டியைச் சறுக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். ஒரு கணவனை ஓட்ஸ் சாப்பிட வைக்க முடியவில்லை.

"இத குதிரைக்குப் போடுவாங்க, ஆர்டிஸ்."

"குதிரைக்கு மாரடைப்பு வந்து பாத்திருக்கியா? சாப்பிடு."

நாலு கரண்டி சாப்பிடுவான். உடனே ஆணி வாங்கிவருகிறேன் என்று கிளம்பிவிடுவான். அந்த ஒரு மாதத்தில் வாங்கிய ஆணிகளை வைத்து ஒரு கொட்டகையே கட்டியிருக்கலாம். தேவாலயத்தில் என் பக்கத்தில் உட்காரும் லோர்னாதான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "உன் வீட்டுக்காரருக்கு வீட்ல சோறே போடறதில்லயா? தினமும் ஒம்பது மணிக்கு பேக்கரில டோனட்டோட உக்காந்திருக்காரு."

நேராக பேக்கரிக்குப் போனேன். கடைக்கார டுவைட்டிடம், "இனிமே மெர்லுக்கு ஒண்ணும் விக்காத" என்றேன்.

"அவனுக்கு அறுபத்தொம்பது வயசாச்சு, ஆர்டிஸ். சின்னப் புள்ளயா?"

"எழுபதும் ஆகட்டும்னுதான் சொல்றேன்."

தினமும் நடக்கவும் சொல்லியிருந்தார் டாக்டர். வெளியேயோ ரோடெல்லாம் பனிக்கட்டி. அதனால் தினமும் விடியற்காலையில் அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் கூட்டிப் போனேன். மணியடிப்பதற்கு முன்னால் அங்கே கட்டடத்துக்குள் தாழ்வாரத்தில் ஊர்க்காரர்கள் நடக்கலாம். அவன் அரை மணி நேரம் உள்ளே நடப்பான். நான் காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த நவம்பரிலேயே இன்னொரு தொல்லை. மெர்லுடைய தம்பி ஒவ்வொரு வருஷமும் மான் வேட்டையாடி, அந்தக் கறியில் பன்றிக் கொழுப்பும் உப்பும் தாராளமாகச் சேர்த்து சாசேஜ் செய்து எங்கள் பங்கைக் கொண்டுவந்து இறக்குவான். இந்த முறையும் ஃப்ரீசரில் பாதியை நிரப்பிவிட்டுப் போனான். மெர்ல் தொடக்கூடாது. எனக்கோ நல்ல கறியைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அதனால் தினமும் அவன் உள்ளே நடக்கும்போது நான் காரில் இரண்டு சாசேஜை ரொட்டியில் சுருட்டித் தின்றேன். நான் தின்னத் தின்ன அவனுக்கு ஆபத்து குறைகிறது என்றுதான் சத்தியமாக நினைத்தேன்.

பிப்ரவரியில் மெர்லைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். நர்ஸ் கியர்ஸ்டன் பிரஷர் பார்த்தாள். நூற்று இருபத்து நாலுக்கு எழுபத்தாறு. "ரொம்ப நல்லாருக்கு" என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"உங்களுக்கும் பாத்துடலாமா, ஆர்டிஸ்? ஒரு நிமிஷந்தான்."

நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்று இரண்டு. ஐந்து நிமிஷம் உட்கார வைத்து மறுபடி பார்த்தாள். இறங்கவில்லை.

"நடக்கறதுண்டா?"

"தினமும் கூட்டிட்டுப் போறேனே."

"அவரு நடக்கறாரு. நீங்க?"

"கார்ல இருப்பேன்."

"கார்ல இவ என்ன பண்றான்னு கேளுங்க" என்றான் மெர்ல். "நான் திரும்பி வந்தா காரெல்லாம் சாசேஜ் வாசன. மூணு மாசமா அத மோந்துகிட்டே வீட்டுக்கு வர்றேன்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. திரும்பும் வழியில் கேட்டேன். "தெரிஞ்சுகிட்டே ஏன் சொல்லல?"

"உன்கிட்ட யாரு சொல்றது?" என்றான். கொஞ்ச தூரம் போனபிறகு, "ஆஸ்பத்திரில நீ நாற்காலில உக்காந்து அழுதத நான் கண்ண மூடிட்டு கேட்டுட்டுதான் இருந்தேன். எனக்கும் அந்த நாற்காலில உக்கார வேண்டி வந்துடுமோன்னு பயமாருக்கு" என்றான்.

சிக்னலில் பிரேக்கைக் கொஞ்சம் பலமாகவே மிதித்தேன்.

அந்த வாரமே டாக்டரிடம் போனேன். எனக்கு மாத்திரை எழுதினார். மாத்திரை மட்டும் போதாது, உப்பைக் குறைத்து நடக்கவும் வேண்டும் என்றார். மறுநாள் விடியுமுன் மெர்ல் என் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றான். மிச்சமிருந்த சாசேஜை என்னைக் கேட்காமல் தம்பிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான். இரண்டு நாள் அவனோடு நான் பேசவில்லை. பேசாமலேதான் நடந்தேன். முன்னால் போய்க்கொண்டே, "கைய வீசு, கைய வீசு" என்று அவன் மட்டும் பேசினான்.

மே மாதம் என் பிரஷர் நூற்று முப்பத்திரண்டுக்கு வந்தது. ஏரிக் கரையில் பனி போய்விட்டதால் இப்போது அங்கேதான் நடக்கிறோம். எதிரில் வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "ஆர்டிஸுக்கு பிரஷர் எறங்கிடுச்சு, நான்தான் எறக்கினேன்" என்கிறான். மாத்திரைக்கும், உப்பில்லாமல் நான் வேகவைத்துத் தின்ற பீன்ஸுக்கும் அதில் பங்கே இல்லையாம். நேற்று மூன்றாவது ஆளிடம் அவன் ஆரம்பித்தபோது நான் நிற்காமல் நடையைக் கூட்டினேன். பேச்சைப் பாதியில் விட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தான்.