அடைப்புக்குறி இல்லாத மலையாளி

1

இந்தக் கதை என் அறியாமையில் தொடங்கியது. கச்சிராயபாளையம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஊர் கேட்டேன். கல்வராயன் மலை என்றார். "நாங்க மலையாளிங்க" என்றும் சொன்னார்.

"தமிழ் நல்லாப் பேசறீங்களே" என்று பாராட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நீங்களும் நல்லாத்தான் பேசறீங்க" என்றார்.

கல்வராயன் மலையில் தலைமுறைகளாகச் சாமையும் கேழ்வரகும் விதைக்கிறவர்களுக்குச் சாதிச் சான்றிதழில் உள்ள பெயர் மலையாளி. மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. எனக்கு இது ஐம்பது வயதில் தெரிந்தது. அந்த வெட்கத்தை ஒரு பெண்ணின் தலையில் இறக்கி வைக்கிறேன். கதை எழுதுவது என்றால் பெரும்பாலும் இதுதான்.

2

தொடக்கங்கள்.

'புறவழிச்சாலையின் மீது வெயில் —' நிறுத்திவிட்டேன். வெயில் எல்லாச் சாலை மீதும்தான் அடிக்கிறது.

'நர்மதா, மலையின் மகள் —' (வேண்டாம். நேரில் பார்த்தால் திட்டுவாள்.)

சரி. நர்மதா, இருபத்தேழு வயது. சிவில் டிப்ளமோ. படித்து முடித்துவிட்டு நான்கு ஆண்டுகள் திருப்பூர் பனியன் கம்பெனியில் துணியின் நூல் பிசிறு வெட்டினாள். இப்போது கள்ளக்குறிச்சியில், புறவழிச்சாலையை அழகுபடுத்தும் திட்ட அலுவலகத்தில் ஒப்பந்த உதவியாளர். மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பித்தால் நாற்காலி. இல்லாவிட்டால் மறுபடி திருப்பூர், மறுபடி பிசிறு.

திட்டம் எளிது. மாவட்டம் புதியது, அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். பதினொரு கிலோமீட்டருக்குச் சாலை நடுவே மீடியனில் அரளி, ஆடு தின்னாது. சாலையோரம் புங்கன், விறகுக்கு யாரும் வெட்டமாட்டார்கள்.* ரவுண்டானாவில் கலை. கலையை ஆடும் தின்னாது, ஆட்களும் வெட்டமாட்டார்கள்.

* வெட்டுவார்கள். நர்மதா குறிப்பில் எழுதினாள். அந்தக் குறிப்பை யாரும் படிக்கவில்லை. இது கதைக்குத் தேவைப்படும் உண்மை: அந்த அலுவலகத்தில் யாரும் எதையும் படிப்பதில்லை.

3

ரவுண்டானா சிலைக்கான ஆர்டரில் இந்த வரியைத் தட்டச்சு செய்தவள் அவள்தான்: 'சாமைக்கதிர் ஏந்திய மலையாளிப் பெண். ஃபைபர். உயரம் பன்னிரண்டு அடி.'

ஆறாம் வகுப்பிலிருந்து அவளுக்கு இந்தச் சொல்லோடு வழக்கு உண்டு. விடுதியில் பிள்ளைகள் மலையாளம் பேசிக் காட்டச் சொன்னார்கள். கல்லூரியில் ஓணம் வாழ்த்து சொன்னார்கள். பிறகு எந்தப் படிவத்திலும் மலையாளி என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'மலைவாழ் பழங்குடி' என்று சேர்க்கப் பழகினாள். இந்த ஒரு முறை சேர்க்கவில்லை. தன் சொந்த மாவட்டத்தில், பன்னிரண்டு அடி உயரத்தில் நிற்கப்போகிறவளுக்கு எதற்கு விளக்கம் என்று நினைத்தாள்.

(பக்கத்துக்கு நான்கு அடைப்புக்குறி போடும் நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.)

4

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் முன்பு சிலை லாரியில் வந்தது. சிற்பி பொன்னுரங்கம் கூடவே வந்தார். போர்த்தியிருந்த சாக்கை அவிழ்த்தார்.

வெள்ளைச் சேலை, தங்கக் கரை. நெற்றியில் சந்தனம். விரித்த கூந்தலில் துளசி. கையில் நெற்கதிர்.

உதவிப் பொறியாளர் இளஞ்செழியன் இரண்டு முறை சுற்றி வந்தார்.

"இன்னாங்க இது? ஓணத்துக்கு வந்த மாதிரி நிக்கிது!"

"பேப்பர்ல மலையாளிப் பொண்ணுன்னு போட்டிருக்கு. செஞ்சிருக்கேன் சார். ஜரிகையப் பாருங்க, ஒரு விரக்கட ஜாஸ்தியாவே வச்சிருக்கேன்."

"கையில நெல்லு!"

"சாமைய நான் எங்க சார் பாத்தேன்? கேரளாவுல சோறுதான துன்றாங்க?"

இளஞ்செழியன் நர்மதா பக்கம் திரும்பினார்.

"நீங்கதான டைப் பண்ணீங்க? உங்க பேர நீங்களே தப்பா எழுதினா எப்படிம்மா?"

"தப்பா எழுதல சார். எங்க பேரே அதான்."

"பேரு சரி. பக்கத்துல ஒரு பிராக்கெட்டு போட்டு மலைவாழ் மக்கள்னு சேத்திருக்கக் கூடாதா?"

நான் அவளுக்கு மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் மேடைக்கு ஏற்றவை. அவள் நின்றது ரவுண்டானாவில், லாரி நிழலில்.

"மாத்த முடியுமாய்யா?" என்று இளஞ்செழியன் பொன்னுரங்கத்திடம் கேட்டார்.

"சேல மடிப்பு அச்சுலயே வுழுந்துடுச்சு சார். வேற அச்சு எடுத்தா ஒரு மாசம்."

5

இளஞ்செழியனை வில்லனாக்கப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டவர், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் நாட்டில் வில்லன்களை வைக்க இடமிருக்காது. பயத்தில் இருந்தார். பயந்தவர்களுக்கு யோசனை வேகமாக வரும்.

"விழாவுக்கு மலையிலேர்ந்து பதினஞ்சு பொம்பளைங்க வர்றாங்கல்ல?"

"வர்றாங்க சார். எங்கம்மாவும் வருது."

"சிலை மாறாது. ஆளுங்க மாறலாம்ல?"

நர்மதாவுக்குப் புரிய சற்று நேரம் ஆனது.

"பதினஞ்சு பேருக்கும் இதே மாதிரி சேல வாங்கிடலாம். எல்லாம் ஒண்ணா நின்னா, மலையில இதான் வழக்கம்போலன்னு வுட்டுடுவாங்க. ஜாக்கெட் அளவு மட்டும் சாயந்தரத்துக்குள்ள குடுங்க. டெய்லர் உக்காந்துகினு இருக்காரு." குரலைக் கொஞ்சம் இறக்கினார். "இல்லன்னா தப்பு யாராலன்னு நான் மேல எழுதணும்மா. மார்ச்சு வருது."

(ஒரு வரைவில் அரளியைப் பிடுங்கிவிட்டுத் தென்னங்கன்று நடச் சொன்னார். மிகை என்று நீக்கினேன். சேலையை நீக்கவில்லை. அது நடக்கக்கூடியது.)

6

நர்மதா அம்மாவுக்குப் போன் செய்தாள். செங்கம்மாள் நூறு நாள் வேலையில், வரப்பு வெட்டும் இடத்தில் இருந்தாள். விழாவுக்கு வரவேண்டிய மற்றவர்களும் அங்கேதான்.

முதல் வரைவில் செங்கம்மாள் இப்படிச் சொன்னாள்: "நம்ம அடையாளத்த வித்துட்டு —"

அடித்துவிட்டேன். அது என் குரல். அவள் கேட்டது வேறு.

"புதுச் சீலையா? திருப்பிக் கேப்பாங்களா?"

"தெரியலம்மா."

"கேட்டுச் சொல்லு. இங்க பக்கத்துல பூமால கேக்கறா."

"அம்மா, அங்க வச்சிருக்கறது கேரளாப் பொம்பளம்மா. நாம இல்ல."

"ஆளு அழகா கீறாளா?"

"அழகாத்தான் இருக்கா."

"அப்புறம் இன்னா? நாம நைட்டி மேல துண்டு போட்டுக்கினு மம்பட்டியோட நிக்கறோம். அத செஞ்சு வச்சா பஸ்ஸுக்கு நிக்கறான்னு போயிடுவானுங்க."

அங்கே யாரோ சிரித்தார்கள். நர்மதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சாயந்தரத்துக்குள் எல்லாருடைய ஜாக்கெட் அளவும் வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

"இன்னாடி, குரல் ஒரு மாதிரி கீது? திட்டுனாங்களா?"

சொன்னாள். சொல், அடைப்புக்குறி, மார்ச், எல்லாம்.

மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"நாங்க அதக் கட்டிக்கினு நின்னா உன் வேல நிக்குமா?"

7

முடிவுகள்.

அ) விழா. தங்கக் கரைச் சேலையில் பதினைந்து பேர். சிறப்பு விருந்தினர் கைகூப்பி, "சுகமாணோ?" என்று மலையாளத்தில் நலம் கேட்கிறார். செங்கம்மாள் பக்கத்தில் திரும்பி, "இன்னா சொல்றாரு இந்தாளு?" என்கிறாள். வாசகர் சிரிப்பார். சிரித்ததும் எல்லாரையும் மன்னித்துவிடுவார், என்னையும் சேர்த்து. எனவே வேண்டாம்.

ஆ) நர்மதா அளவு தரவில்லை. பெயர் சரி, சிலைதான் தவறு என்று எழுதிக் கொடுக்கிறாள். விழா தள்ளிப்போகிறது. ஏப்ரலில் திருப்பூரில் பிசிறு வெட்டுகிறாள். நேர்மையான முடிவு. எழுதியவனுக்குப் பாராட்டு கிடைக்கும். பிசிறு அவளுக்கு.

இ) சிலைக்குக் கீழே கல்வெட்டில் — இல்லை. கல்வெட்டையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

8

ஆகவே போனிலேயே நிற்கிறேன்.

"நிக்கும்னுதான் சொல்றாரும்மா" என்றாள் நர்மதா.

"அப்ப எழுதிக்கோ."

"அம்மா, வேணாம்னா வேணாம்னு சொல்லும்மா. நான் பாத்துக்கறேன்."

"நீ இன்னாத்தப் பாத்துக்குவ? நாலு வருசம் பாத்தியே, போதாதா? எழுது. பூமால, முப்பத்தெட்டு. கை லூசா வேணுமாம். பாரதி, முப்பத்தி நாலு. எனக்கு முப்பத்தாறு போடு, போன தீவாளிக்குத் தச்சது இறுக்கிப் புடிக்கிது. எழுதிக்கினியா?"

நான் எழுதிக்கொண்டேன். எனக்கு அது எளிது. எனக்கு மார்ச் இல்லை.

நர்மதாவின் முன்னால் வெள்ளைத் தாள். அதில் ஒன்றிலிருந்து பதினைந்து வரை எண் போட்டிருக்கிறாள். பேனாவைத் திறந்திருக்கிறாள். அதற்கு மேல் அவள் கையை நகர்த்த எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. உங்களுக்கு இருந்தால் நகர்த்துங்கள். ஆனால் சீக்கிரம். வேலை விட்டதும் அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

"ஏ நர்மதா, எல்லாரும் என்னிய சுத்திக்கினு நிக்கறாங்க. எழுதிக்கினியா, இல்லியா?"