தட்டு மாறிய மோர்மிளகாய்

"வீட்டில ஆர்க்கெங்கிலும் பிரஷர் உண்டோ?" என்று டாக்டர் ஸ்மிதா மலையாளம் கலந்த தமிழில் கேட்டபோது சிவதாணு யோசிக்கக்கூட இல்லை.

"இல்ல டாக்டர்."

சொல்லி முடித்த பிறகுதான் சட்டைப்பையில் இருந்த மாத்திரை அட்டை நெஞ்சில் உறுத்தியது. அன்று காலையில்தான் கடையில் வைத்து ஒன்றைப் பிய்த்து விழுங்கியிருந்தார்.

பக்கத்து ஸ்டூலில் மகள் ஆதிரா, கையில் பட்டை இறுக்கிய இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. பள்ளிக்கூடத்துப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்று சீட்டு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதன் பிறகு இந்த அறையில் மூன்று வெவ்வேறு நாட்கள் பார்த்தாயிற்று. ஒரு நாளும் நூற்று நாற்பதுக்குக் கீழே வரவில்லை.

"குடும்பத்தில இல்லாம இந்த வயசில வந்தா கிட்னி நோக்கணும்," என்றார் டாக்டர். "வியாழாழ்ச்ச ஸ்கேன். மோளே, நீ மூணு நாள் என்ன சாப்பிடுற, எப்ப உறங்குற, எல்லாம் எழுதிக் கொண்டு வரணும் கேட்டோ. ஒண்ணும் மறைக்கப்பிடாது."

மறைக்கப்பிடாது என்பதை டாக்டர் மகளைப் பார்த்துத்தான் சொன்னார். சிவதாணு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

ஊரின் பெரிய சந்தையான சாலைக் கடைத்தெருவில் அவருடைய கடையைத் தெரியாத நாஞ்சில் நாட்டு வீடு கிடையாது. மோர்மிளகாய், சுண்டை வற்றல், உப்பிட்ட நாரத்தங்காய், அப்பளம். நான்கு வருடத்துக்கு முன், சரக்கு கொடுக்கத் தூரத்து ஊரான விதுராவுக்குப் போன இடத்தில் தலைசுற்றி உட்கார்ந்தார். அங்கிருந்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைத் தொடாதே என்றார். உப்பு விற்கிறவனுக்கே பிரஷராம் என்று கடைத்தெரு சிரிக்கும் என்று நினைத்தார். மனைவி விஜயத்திடம்கூடச் சொல்லவில்லை. மாத்திரையை மாதாமாதம் விதுராவிலேயே வாங்கிக்கொண்டார்.

போன ஜூலையில் பள்ளிக்கூடத்துப் பெற்றோர்கள் கூடும் பி.டி.ஏ. கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவரும் அவர்தான். "எங்க வீட்டுல பாக்கெட் சாமானே உள்ள கயறாது. பிள்ளையளுக்கு பப்ஸும் பரோட்டாவும் வாங்கிக் குடுத்துட்டு, சீக்கு வந்தா ஸ்கூலக் குத்தம் சொல்லப்பிடாது." எல்லோரும் கைதட்டினார்கள். ஆதிராவின் வகுப்பில் படிக்கும், தினமும் பேக்கரியில் தின்னும் அனூப்பின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அனூப்புக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அவன் சாயங்காலம் முழுக்கப் பந்து விளையாடுகிறவன்.

வியாழக்கிழமை ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு ஆதிரா காலைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"அப்பா."

"என்ன மக்களே?"

"கிட்னி போச்சுன்னா டயாலிசிஸ் வேணும் அல்லே?"

"சும்மா கெட. ஒண்ணும் இருக்காது."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவரிடம் சொல்வதற்கு இருந்தது ஒரே ஒரு வரி. அதை நாக்கு வரைக்கும் கொண்டுவந்தார். எதிர் பெஞ்சில் இருந்த ஒருவர் சாலைக் கடைத்தெருவில் பார்த்த முகம் மாதிரி இருந்தது. வரி உள்ளே போய்விட்டது. உள்ளிருந்து பெயர் கூப்பிடும் வரை ஆதிரா அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், சின்னப் பிள்ளை மாதிரி.

ஸ்கேனில் கோளாறு எதுவும் தெரியவில்லை. டாக்டர் ஸ்மிதா ஆதிராவின் நோட்டை விரித்தார்.

"காலையில ஆறு மணிக்கு என்ட்ரன்ஸ் கோச்சிங். ஸ்கூல் லீவு. பின்ன ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிப்பு. மூணு கடுங்காப்பி." பக்கத்தைத் திருப்பினார். "களி, விளையாட்டு ஒண்ணும் இல்லையோ?"

"முந்தி ஷட்டில் விளையாடுவேன். ப்ளஸ் ஒன் வந்த பின்ன அப்பா பேட்டை அலமாரி மேல எடுத்து வச்சிட்டாங்க."

"இதென்ன? மத்தியானம் மோர்மிளகா நாலு. ராத்திரி நாலு, நாரத்தங்கா ரெண்டு துண்டு. மூணு நாளும் இதுதான். எட்டு முளகோ ஒரு நாள்?"

ஆதிரா சிரித்தாள். அந்த அறையில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "அம்மா ஆளுக்கு ரெண்டுதான் வைப்பாங்க. லீவுல மத்தியானமும் அப்பா கூடத்தான் சாப்பாடு. அப்பா அவங்க பங்கையும் எனக்குத் தந்திருவாங்க. சின்னதுல இருந்தே அப்பிடித்தான். எனக்கு இஷ்டம்னு."

சின்னதிலிருந்து இல்லை. நான்கு வருடமாக. சிவதாணுவுக்கு மாதம்கூடத் தெரியும். தட்டில் மிச்சம் வைத்தால் விஜயம் ஏன் என்று கேட்பாள். அதனால் முதல் நாள் மகள் தட்டுக்கு இரண்டைத் தள்ளினார். பிள்ளை கண்ணை விரித்துச் சிரித்தது. விஜயமும் சிரித்தாள். அப்புறம் அது வீட்டு வழக்கமாகிவிட்டது. தனக்கு விஷம் என்று விலக்கியதைத் தன் கையாலேயே எடுத்து அவளுக்கு வைத்திருக்கிறார். அதற்குப் பாசம் என்று பெயர் கிடைத்தபோது வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

"உப்பு குறைக்கணும், உறக்கம் வேணும்," என்றார் டாக்டர். "ஆனா குடும்பத்தில ஆர்க்கும் இல்லைங்கிறது எனக்குச் சரியாப் படல. மெடிக்கல் காலேஜுக்கு எழுதறேன். ஹார்ட், ஹார்மோன், எல்லா டெஸ்ட்டும் பார்க்கட்டும்."

ஆதிராவின் சிரிப்பு போய்விட்டது.

"டாக்டர்." சிவதாணு பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எனக்கு இருக்கு. நாலு வருஷமா மருந்து குடிக்கேன்."

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தார். குடும்பத்தில் இல்லை என்று முன்பு எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். "இது முதல் நாளே சொல்லியிருக்கலாம் அல்லே," என்று மட்டும் சொன்னார். பேனா காகிதத்தில் உரசும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஆட்டோவில் ஆதிரா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கிழக்கேகோட்டைச் சந்திப்பு தாண்டியதும், திரும்பாமலே கேட்டாள்: "அப்போ மோர்மிளகா எனக்கு இஷ்டம்னு தரல்ல. அல்லே?"

அவர் ஆட்டோக்காரரிடம் இடப்பக்கம் திரும்பச் சொன்னார்.

வீட்டில் விஜயம் தட்டு வைத்துக் காத்திருந்தாள். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லேல்லா? நான் ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேந்திருக்கேன். இருங்க ரெண்டு பேரும்." சோறு போட்டாள், தயிர் ஊற்றினாள். அவர் தட்டில் இரண்டு மோர்மிளகாயை வைத்தாள். மகளுக்கும் இரண்டு.

பழகிய கை தானாக மிளகாயை எடுத்தது. எடுத்தபின்தான் ஆதிரா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கை நடுவழியில் நின்றது.

"என்னங்க, கள்ள நோட்டு பாக்குத மாதிரி பிடிச்சிட்டு இருக்கியளே? பிள்ளைக்கு வைங்க," என்றாள் விஜயம்.

அவர் மிளகாயைத் தன் தட்டின் ஓரத்திலேயே திரும்ப வைத்தார்.

"விஜயம், கொஞ்சம் இரி. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க, பால் அடுப்புல கெடக்கு."

"அத அணச்சிட்டு வா," என்றார் சிவதாணு. அவள் வருவதற்குள் ஆதிரா தன் தட்டில் இருந்த இரண்டையும் எடுத்து, அவர் தட்டில் இருந்த இரண்டின் பக்கத்தில் வைத்தாள். அவர் தலையைத் தூக்கவில்லை. தட்டு ஓரத்தில் நான்கு மிளகாய் இருந்தன. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.