மீனாட்சி கப்பலேறலாமா

தி. நகர் துணிக்கடை முதலாளி அய்யாதுரைக்குச் சங்கீதம் தெரியும் என்பதை மயிலாப்பூரில் யாரும் மறுத்ததில்லை. மறுக்க வழியில்லை. மாட வீதிக்குப் பின்னால் உள்ள ஒரு சபாவில் மார்கழி முழுக்கப் பந்தலும் சாப்பாடும் அவர் உபயம். அதற்குப் பதிலாக சபா அவருக்கு ‘இசைப் புரவலர்’ பட்டமும், முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலியும் கொடுத்தது. அதில் அவர் கண்ணை மூடினால், ராகத்தில் கரைந்துவிட்டார் என்று பின்வரிசை சொல்லும். கரைகிற சத்தம் சில நாள் மைக்கிலும் கேட்டிருக்கிறது.

அப்படிப்பட்டவரின் மனைவி மீனாட்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வஞ்சிரக் குழம்பை ஊற்றிக்கொண்டே ஒரு சேதி சொன்னாள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகள் சரண்யா கூப்பிடுகிறாள். அங்கே ஒரு கப்பலில் நாலு நாள் பாட்டு விழா. கூட வரவேண்டிய சிநேகிதி வரவில்லை, ஒரு இடம் இருக்கிறது. அவள் பட்டமளிப்பு விழாவுக்குப் போனபோது எடுத்த விசா இன்னும் உயிரோடு இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டுமாம். தான் போகலாம் என்று இருக்கிறாள்.

அய்யாதுரை என்ன பாட்டு என்று கேட்கவில்லை. பாட்டு, கப்பல், அமெரிக்கா என்ற மூன்று சொற்களில் அவருக்குப் போதுமானது கிடைத்துவிட்டது.

ஜவுளி வியாபாரிகள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வெளிநாடு போனாலும் மண்டபம் பிடித்து, பொன்னாடை போர்த்தி, பேனர் வைத்து வழியனுப்புவார்கள். மலேசியாவுக்கு மைத்துனன் கல்யாணத்துக்குப் போனவருக்குக்கூட ‘கடல் கடந்த கதிரவனே’ என்று வைத்திருக்கிறார்கள். எனவே மகன் ஸ்ரீஹரி கை கழுவுவதற்கு முன்பே இடது கையால் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான்: ‘அம்மா அமெரிக்கக் கப்பல் இசை மாநாட்டுக்குச் செல்கிறார்.’ சாயங்காலத்துக்குள் வியாழக்கிழமை விழா என்று முடிவாகி, பேனரின் படமும் வந்துவிட்டது. அதில் மீனாட்சி மடியில் வீணையோடு அலைமேல் உட்கார்ந்திருந்தாள். முகம் மட்டும் அவளுடையது. கைகள் வேறு யாருடையவோ, நல்ல சிவப்பு, விரல் நிறைய மோதிரம்.

பேனர் அடித்த ஃபராஸிடம் மீனாட்சி போனில் கேட்டாள், எனக்கு வீணை வாசிக்கத் தெரியாதே என்று.

“இன்னா மேடம், வீணை இல்லாங்காட்டி சங்கீதம்னு பப்ளிக்குக்கு எப்டி தெரியும்?” என்றான் ஃபராஸ். “கை வேணா மாத்திக்கலாம். வீணை இருக்கட்டும்.”

இடி திங்கட்கிழமை விழுந்தது. கப்பலில் யார் யார் பாடுகிறார்கள், வரவேற்புரையில் சேர்க்க வேண்டும் என்று, விழாவில் பேச அழைத்திருந்த சபா செயலாளர் போனில் கேட்டார். அய்யாதுரை மனைவியைக் கேட்டார். அவள் பெயர்களைச் சொல்வதைவிடக் காட்டுவது சுலபம் என்று, போன வருஷத்து விழாவின் வீடியோவை ஹால் டிவியில் போட்டாள்.

இடுப்பு வரை முடி வளர்த்த ஒருவன் மைக்கைக் கடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து உறுமினான். பின்னால் நாலு பேர் தலையைச் சுழற்றினார்கள். கப்பலின் நீச்சல் குளத்தில் தாடிக்காரர்கள் தண்ணீரை வாரி அடித்துக் குதித்தார்கள். ஷோகேஸில் இருந்த இசைப் புரவலர் கேடயம் அதிர்ந்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

அய்யாதுரைக்கு வாய் மூடவில்லை. மருமகள் லாவண்யா ரிமோட்டைத் தேடுவதுபோல் சோபாவுக்குள் கையை விட்டு, சிரிப்பை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

“ஏன் இப்படிக் கத்துதான்? எவனும் அடிச்சுப்புட்டானா?” என்றார் அய்யாதுரை.

“இது ஹெவி மெட்டல். இப்படித்தான் பாடுவாங்க” என்றாள் மீனாட்சி.

எப்போதிருந்து இந்தக் கண்றாவி என்று விசாரணை நடந்தது. மீனாட்சி ஒளிக்கவில்லை. சரண்யா காலேஜில் படிக்கும்போது அறையில் அலறவிடுவாள். குறைக்கச் சொல்லப் போன மீனாட்சி ஒருநாள் அங்கேயே நின்றுவிட்டாள். அப்புறம் அடுப்படியில் தனியாகக் கேட்கத் தொடங்கினாள். கிரைண்டர் ஓடும்போதும் காதில் விழுகிற பாட்டு அது ஒன்றுதான். கடையில் காதில் இயர்போன் மாட்டித் தலையாட்டிக்கொண்டிருந்ததும் அதற்குத்தான். அம்மா கந்தசஷ்டி கேட்கிறாள் என்று எண்ணி, அந்த நேரம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய்வந்த ஸ்ரீஹரிக்கு முகம் சுருங்கியது.

“அப்படி என்னளா இருக்கு இதுல?”

மீனாட்சி யோசித்துத்தான் சொன்னாள். “காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் சேலையை எடுத்துப் போட்டுச் சிரிக்கேன். நூறு சேலை விரிக்கச் சொல்லி, எதுவும் பிடிக்கலன்னு எந்திரிச்சுப் போறவகளுக்கும் சிரிக்கேன். எனக்குப் பதிலா ஒருத்தன் கத்துதான். கேட்டா நிம்மதியா இருக்கு.”

அய்யாதுரையை இந்தப் பதில் உறுமலைவிட அதிகமாகத் தாக்கியது. அந்தச் சிரிப்பைக் கடையின் விளம்பரத்தில் போட்டிருந்தவர் அவர்.

ராத்திரிக்குள் அவர் ஒரு தீர்வு கண்டார். கப்பலுக்குப் போகக் கூடாது. ஆனால் விழாவை நிறுத்தவும் கூடாது. சொல்லிவிட்டு நிறுத்தினால் சங்கத்தில் தலை நிமிர முடியாது. ஆகவே வியாழக்கிழமை பொன்னாடையை வாங்கிக்கொள்ள வேண்டியது. கோவில்பட்டித் தங்கச்சி வீட்டில் சத்தமில்லாமல் இருக்க வேண்டியது. திரும்பி வந்து, மாநாடு பிரமாதம் என்று சொல்ல வேண்டியது. மானம் போகாமல் இருக்க இதைவிடக் கௌரவமான வழி அவருக்குத் தோன்றவில்லை. ஸ்ரீஹரி அதைச் செம்மைப்படுத்தினான். அமெரிக்கச் சாக்லேட் தி. நகரிலேயே கிடைக்கிறது.

மீனாட்சி சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. புதன்கிழமை சரண்யா கூப்பிட்டு, நாளன்னிக்குத்தான் கடைசி, பெயர் கொடுக்கலாமா என்று கேட்டாள். “பாக்கலாம்டி” என்று மீனாட்சி போனை வைத்தாள். முப்பது வருஷமாக அந்த வீட்டில் அவள் ‘பாக்கலாம்’ என்று சொன்ன எதையும் யாரும் அப்புறம் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. சபா செயலாளர் அரைமணி நேரம் பேசினார். “நம்ம மாமி அலைகளுக்கே ஸ்வரம் சொல்லிக் குடுக்கப் போறார். அத்தனையும் அசுர சாதகம்” என்றார். அதில் பாதி உண்மை என்பது அவருக்குத் தெரியாது. பொன்னாடை விழுந்தது. மாலை விழுந்தது. மீனாட்சி திரும்பி மேடைப் பின்னணியில் இருந்த பேனரைப் பார்த்தாள். வீணையின் மேல் அந்தச் சிவந்த கைகள் அப்படியே இருந்தன. ஃபராஸ் மாற்றவில்லை. அவள் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு மைக்கை வாங்கினாள்.

“அந்தக் கை என்னோடது இல்லீங்க. எனக்கு வீணையும் தெரியாது. நான் போற விழாவுல இதுதான் பாடுவாங்க.”

போனை மைக்கின் அருகே வைத்தாள்.

உறுமல் மண்டபத்தை நிறைத்தது. முன்வரிசை உறைந்தது. ஒரு பெரியவர் காதிலிருந்த கருவி கெட்டுவிட்டதென்று கழற்றித் தட்டினார். பந்தி பரிமாறுகிறவர்கள் வாளியோடு எட்டிப் பார்த்தார்கள். அய்யாதுரை கண்ணை மூடிக்கொண்டார். வாழ்நாளில் முதல்முறையாக, இசையின்போது தூக்கம் வராமல். பின்வரிசை வழக்கம்போல், கரைந்துவிட்டார் என்றது.

பாட்டு நின்றது. மீனாட்சி சொன்னாள், “நாளைக்குப் பேர் குடுக்கேன். போறேன்.”

யாராவது பேச வேண்டும் என்று எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அடுத்த மார்கழிக்கும் பந்தல் வேண்டும்.

“கப்பல் அமெரிக்காவுலேர்ந்துதானே கிளம்பறது?” என்று கேட்டார்.

ஆமாம் என்றாள்.

மண்டபம் மூச்சு விட்டது. சங்கத் தலைவர் கைதட்டினார். அமெரிக்காவில் இதைத்தான் கேட்கிறார்கள் என்றால் அதில் விஷயம் இல்லாமல் இருக்காது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பந்தியில் ஒரு நகைக்கடைக்காரர், அந்தப் பாடகர் எந்தப் பாணி என்று மீனாட்சியிடம் மிகுந்த மரியாதையோடு விசாரித்தார். மூன்று பேர், குடும்பத்தோடு வந்தால் கட்டணத்தில் தள்ளுபடி உண்டா என்று அய்யாதுரையைத் தனியாகக் கேட்டார்கள். அவர் பெருமையாகச் சிரிக்கவும் முடியாமல், சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் பாயசத்தை இரண்டு முறை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில், காரின் பின்சீட்டில் இருவரும் உட்கார்ந்து வந்தார்கள். மந்தைவெளி தாண்டும்போது அய்யாதுரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நேத்து நீ கடையில இருக்கும்போது அந்த வீடியோவை முழுசாப் பார்த்தேன். கூட்டத்துல ஒரு பொம்பளையத் தூக்கி, தலைக்கு மேலயே கை மாத்திக் கை மாத்தி மேடை வரைக்கும் அனுப்புதானுக.”

“ஆமா.”

“உன்னையும் தூக்குவானுகளா?”

“நாமளா கேட்டாத்தான் தூக்குவாங்க.”

அவர் அவள் பக்கம் திரும்பினார். “கேப்பியா?”

மீனாட்சி பொன்னாடையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கடையில் எந்த வாடிக்கையாளரும் பார்த்திராத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

“இடுப்பு கொஞ்சம் கனம்தான்” என்றாள். “ஆனா அவங்களும் நல்லா வாட்டசாட்டமாத்தான இருக்காங்க.”